குதிகால்

சர்க்கரைதான் என்று சொன்னால்
யாரும் நம்புவதில்லை.
திருகோணமலையில் கால் போனவனிடம்
வேறு கதை எதிர்பார்க்கிறார்கள்.
ஷெல்லா, மிதிவெடியா என்று
தேத்தண்ணி ஊற்றியபடியே கேட்கிறார்கள்.
சீனி போடாதேங்கோ என்கிறேன்.
அதுதான் பதில்.

இடது கால், முழங்காலுக்குக் கீழே.
கியர் இருக்கிற பக்கம்.

கிண்ணியாவில் லாபிர்
என் பழைய ஹீரோ ஹொண்டாவின்
பின்சில்லை இரண்டாக்கித் தந்தான்.
கியர் மிதியிலிருந்து ஓர் இரும்புக் கம்பியை
எஞ்சினுக்கு மேலால் வளைத்து
வலது தொடையருகே நிறுத்தி
உச்சியில்
எந்த வீட்டுக் கதவிலோ இருந்த பித்தளைக் குமிழைப் பொருத்தினான்.
முன்னால் தள்ளினால் கூடும்,
பின்னால் இழுத்தால் குறையும்.
எப்ப மாத்திறது எண்டு கேட்டேன்.
அது கம்பிக்குத் தெரியாது காக்கா என்றான்,
கையைத் துடைத்துக்கொண்டே.

கிளச் இடக்கையில்.
வலக்கை முறுக்கை விட்டு
குமிழுக்குப் போய்த் திரும்பும் ஓர் இமைப்பில்
வண்டி என்னுடையதில்லை,
பின்னால் வரும் பஸ்ஸினுடையது.

தையல் மெஷின் திருத்துகிறவன் நான்.
நூல் அறுவதற்கு நாலு தையல் முன்னமே
மெஷினின் குரல் மாறிவிடும்.
அந்தக் காதை நம்பித்தான் தெருவுக்கு வந்தேன்.
ஸ்பீடோமீட்டர் முள்
பூச்சியத்தில் படுத்து வருஷக்கணக்காகிறது.

ஆனால் கிண்ணியாப் பாலத்தில்
காற்று காதைப் பிடுங்கிக்கொண்டு போகிறது.
அங்கேதான் முதன்முதலில்
இல்லாத கால் அசைந்தது.
இல்லாத பெருவிரல்
இல்லாத மிதியைத் தேடி அழுத்தியது.
கை பின்னால் ஓடிப்போய்ச் செய்து முடித்தது.
நாலாவது விழுந்தது, வெண்ணெயில் கத்திபோல.
இரவில் கடிக்கும், எரியும், தூங்கவிடாது.
பகலில் இப்படி ஓர் உத்தியோகம் பார்க்கிறது.

உவர்மலை ஏற்றம் வேறு பாடம்.
வெறும் பெட்டியோடு மூன்றில் ஏறுவேன்.
இரண்டு மெஷின் தலைகள் இருந்தால்
இரண்டாவதுகூட முனகும்.
அதே மேடு, அதே எஞ்சின்,
நேற்றுச் சரியாக இருந்தது இன்று பிந்திவிடும்.
ஒருநாள் பிந்தியேவிட்டது.
விக்கி, உதறி, நின்று
பின்னோக்கி உருண்டோம்.
ஹோர்ன் அடித்தவன் என் காலைப் பார்த்ததும்
அடிப்பதை நிறுத்தினான்.
அதுதான் கூடச் சுட்டது.

அன்று திலகேஸ் பின்னால் இருந்தாள்,
மடியில் ஒரு சிங்கர் தலை,
எண்ணெய் படாமல் பழைய சாரத்தில் சுற்றி.
ஒன்றும் சொல்லவில்லை.
மேட்டுக்குடியிருப்பு வரும்வரை
ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.
எஞ்சின் தொண்டையைச் செருமுவதற்குச் சற்று முன்
கால் வைக்கும் தகட்டில் ஓர் அதிர்வு.
இடது பக்கம்.
அவளுடைய குதிகால்.
சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள்,
கியர் எத்தனை என்று கேட்டால்
இரண்டோ எட்டோ என்பாள்.
அவள் அழுத்துகிறாள்,
நான் இழுக்கிறேன்,
வண்டி மூச்சைப் பிடித்து ஏறுகிறது.

நேற்றுப் பின்னேரம் கோட்டை வாசலருகே
மான் ஒன்று தாரில் நின்றது,
வாயில் ஒரு பொலித்தீன் பை.
குதிகால் அழுத்தியது. மூன்று.
மறுபடி. இரண்டு.
ஒன்று.
நின்றோம்.
அது பையை மென்றுகொண்டு எங்களைப் பார்த்தது.

ஏனப்பா தட்டை மிதிக்கிறாய் என்றேன்.
ஆர் மிதிச்சது,
எனக்குக் கால் மரத்துப்போய்க் கிடக்கு என்றாள்.
எனக்கும்தான் என்றேன்.
சிரிப்பை அடக்கியதில் மடியில் இருந்த மெஷின் குலுங்கியது.

மான் போய்விட்டது.
நியூட்ரலில் எஞ்சின் தட்டிக்கொண்டிருக்கிறது.
குமிழில் கை வைத்துக்கொண்டு
நான் புறப்படவில்லை,
அவள் பெருவிரல்
எப்போது சொல்லும் என்று.